பின்தங்கியவருக்காகக் காத்திராத கணக்கு

லூயி ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1922-ஆம் ஆண்டில் வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டி அறிவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே இந்தக் கணக்குகளைப் போட்டவர் அவர். கையெழுத்துப் பிரதி போர்க்களத்தில் காணாமற்போய், சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது என்பது தனிக்கதை.

அந்த நூலில் ஒரு கற்பனைக் காட்சி வருகிறது. நாடகக் கொட்டகை போன்ற மாபெரும் வட்ட மண்டபம். அதன் சுவர் முழுவதும் உலகப் படம். மண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு பகுதியின் வானிலையைக் கையால் கணக்கிடுகிறார்கள். நடுவில் உயர்ந்த தூண். அதன் உச்சியில் நிற்கும் தலைவர், மற்றவர்களை முந்திச் செல்லும் பகுதியின்மீது இளஞ்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார். பின்தங்கும் பகுதியின்மீது நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்.

அந்த நீல ஒளி ஏன் தேவைப்பட்டது? ஒரு பகுதியின் அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டுமானால் பக்கத்துப் பகுதிகளின் விடை கைக்கு வந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒருவர் தாமதித்தால் அந்தத் தாமதம் மண்டபம் முழுவதும் பரவிவிடும். ரிச்சர்ட்சன் காலத்தில் "கம்ப்யூட்டர்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்குப் போடும் ஆள் என்றுதான் பொருள். இன்று அந்த ஆட்களின் இடத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஆள் மாறினாலும் தொல்லை மாறவில்லை. நீல ஒளி பட்டதும் ஒருவருடைய கை வேகமாக ஓடிவிடுமா என்ன? பின்தங்கியவரை விரட்டாமல், அவருக்காகக் காத்திராமலும் கணக்கை முடிக்க ஒரு வழி உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் எட்டக்கூடிய அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பந்தி எழும் நேரம்

நம் வீட்டுக் கலியாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் கடைசியாக உண்பவர் முடிக்கும்வரை மற்றவர்கள் எழுவதில்லை. பந்தியில் நூறு பேர் வேகமாகச் சாப்பிட்டாலும், பல் போன ஒரு பெரியவர் பாயசத்தை நிதானமாகச் சுவைத்தால், பந்தி எழும் நேரத்தைத் தீர்மானிப்பவர் அவர்தான். நூறு பேரின் சராசரி வேகத்துக்கு அங்கே மதிப்பே இல்லை.

பெரிய கணக்கைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஒரு கணக்கைப் பத்துச் சம பங்காக்கிப் பத்துக் கணிப்பொறிகளுக்குக் கொடுக்கிறோம் என்று கொள்வோம். ஒவ்வொன்றும் பத்துத் தடவையில் ஒரு தடவை தாமதிக்கும். மற்ற ஒன்பது தடவை நேரத்துக்கு முடிக்கும். தனியாகப் பார்த்தால் இது மோசமான குணமல்ல. ஆனால் பத்தும் ஒருசேர நேரத்துக்கு முடிக்க நிகழ்தகவு என்ன? 0.9 என்ற எண்ணைப் பத்துத் தடவை பெருக்குங்கள். விடை சுமார் 0.35. அதாவது மூன்று தடவையில் இரண்டு தடவை மொத்த வேலையும் தாமதிக்கிறது!

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையொன்றில் இதே வகைக் கணக்கு வருகிறது. ஒரு கணிப்பொறி நூற்றில் ஒரு தடவைதான் ஒரு வினாடிக்கு மேல் எடுக்கும். அத்தகைய நூறு கணிப்பொறிகளிடம் ஒரே சமயத்தில் விடை கேட்டு, நூறு விடைகளும் வரக் காத்திருந்தால், நூற்றுக்கு 63 தடவை ஒரு வினாடிக்கு மேல் காத்திருக்க நேரும். (0.99 என்ற எண்ணை நூறு தடவை பெருக்கி, வருவதை ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள்.) கணிப்பொறிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று நினைக்கிறோம், ஓர் எல்லைக்கு மேல், தாமதிக்கும் ஆளைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்வது போலத்தான் ஆகிறது.

ஒரே மாதிரி செய்யப்பட்ட பொறிகளில் ஒன்று மட்டும் ஏன் பின்தங்க வேண்டும் என்று கேட்கலாம். காரணங்கள் பல. ஒரே பொறியில் வேறு யாருடைய வேலையும் சேர்ந்து ஓடலாம். செய்திகள் செல்லும் கம்பித்தடத்தில் நெரிசல் ஏற்படலாம். செயலி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் என்ற முறையைப் பற்றிய கட்டுரையில் இரண்டு வேடிக்கையான காரணங்களைக் குறிப்பிடுகிறார்கள். தகவலைச் சேமிக்கும் காந்தத் தட்டு பழுதுபட்டால், அது அடிக்கடி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு, வினாடிக்கு 30 மெகாபைட் படிக்க வேண்டியது 1 மெகாபைட் மட்டும் படிக்கும். வேலை நிற்காது, நொண்டிக்கொண்டு நடக்கும். இன்னொரு சமயம், பொறியைத் தொடங்கிவைக்கும் நிரலில் இருந்த தவற்றினால் செயலியின் விரைவு நினைவகம் வேலை செய்யாமலே போய், கணக்கு நூறு மடங்குக்கு மேல் மெதுவாயிற்று. முழுவதும் செத்துப்போன பொறியைக் கண்டுபிடிப்பது எளிது. உயிரோடு இருந்துகொண்டு மெதுவாக வேலை செய்யும் பொறியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

நகல் ஆள்

அதே 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சோதனை விவரிக்கப்படுகிறது. ஆயிரம் கோடிப் பதிவுகளை வரிசைப்படுத்த வேண்டும். சுமார் 1,800 பொறிகள் கொண்ட தொகுப்பில் வேலை நடந்தது. ஓர் ஏற்பாட்டுடன் நடத்தியபோது 891 வினாடிகளில் முடிந்தது. அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டு நடத்தியபோது, 960 வினாடிகளில் கடைசிக் கட்டத்தில் ஐந்தே ஐந்து பங்குகள் தவிர எல்லாம் முடிந்துவிட்டன. அந்த ஐந்து பங்குகள் முடிய மேலும் சுமார் 300 வினாடிகள் ஆயின! மொத்தம் 1,283 வினாடிகள். அதாவது 44 சதவீதம் கூடுதல். ஐந்து பேருக்காக ஆயிரக்கணக்கானோர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த காட்சி அது.

நீக்கப்பட்ட அந்த ஏற்பாடு என்ன? வேலை முடியும் தறுவாயில், இன்னும் முடியாத பங்குகளை வேறு பொறிகளுக்கும் நகலாகக் கொடுத்துவிடுவதுதான். இருவரில் எவர் முதலில் முடித்தாலும் அந்த விடையை எடுத்துக்கொள்ளலாம். எளிமையான, நல்ல வழி. ஆனால் யார் பின்தங்குகிறார் என்று தெரியும்வரை காத்திருந்து, பிறகே நகலைத் தொடங்க முடியும். பின்தங்கப் போகிறவர் யாரென முன்கூட்டித் தெரியாதபோது தொடக்கத்திலேயே காப்புச் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நகல் ஆள் வேண்டும். பத்துப் பங்குக்கு இருபது பொறிகள்! செலவு இரட்டிப்பு. அப்படியும் முழுப் பாதுகாப்பு இல்லை. மூன்றாம் பங்கை வைத்திருக்கும் இருவருமே தாமதித்தால், மற்றப் பதினெட்டுப் பேர் முடித்து உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. நான்காம் பங்கின் நகல் ஆளால் மூன்றாம் பங்குக்கு உதவ முடியாது.

எவருக்குப் பதிலாகவும் நிற்கக்கூடிய ஒரு பொது ஆள் கிடைப்பாரா? கிடைப்பார். அவரிடம் எந்தப் பங்கின் நகலும் இருக்காது.

கூட்டுறவுப் பண்டகசாலையில் ஒரு கணக்கு

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் ஒரு நோட்டின் விலை 36 ரூபாய், ஒரு பேனா 8 ரூபாய். ஆறாம் வகுப்புக்கு 23 நோட்டுகளும் 41 பேனாக்களும் வேண்டும். ஏழாம் வகுப்புக்கு 35 நோட்டுகளும் 18 பேனாக்களும் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் எவ்வளவு பணம்?

ஆறாம் வகுப்புக் கணக்கைக் கோமதியிடமும், ஏழாம் வகுப்புக் கணக்கை முருகனிடமும் கொடுக்கிறோம். மூன்றாவதாகச் செல்வியிடம், இரு வகுப்பின் பட்டியலையும் கூட்டி, 58 நோட்டுகள், 59 பேனாக்கள் என்று கொடுக்கிறோம். செல்வியின் வேலை மற்ற இருவரின் வேலைக்குச் சமந்தான்: இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல். தாம் போடுவது எந்த வகுப்பின் கணக்கு என்பதுகூட அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கோமதி 1,156 ரூபாய் என்று விடை கொண்டுவருகிறார். செல்வி 2,560 ரூபாய் என்கிறார். முருகனின் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். 2,560-இலிருந்து 1,156-ஐக் கழித்தால் 1,404. அதுவே ஏழாம் வகுப்பின் தொகை. முருகனுக்குப் பதிலாகக் கோமதி தாமதித்திருந்தாலும், செல்வியின் விடையிலிருந்து முருகனின் விடையைக் கழித்து ஆறாம் வகுப்பின் தொகையைப் பெற்றிருப்போம். செல்வியே தாமதித்தால் கவலையே இல்லை. மூவரில் யார் இருவர் முதலில் வந்தாலும் நமக்குப் போதும்.

இருவர் தாமதித்தாலும் சமாளிக்க வேண்டுமா? எட்டாம் வகுப்பையும் சேர்த்துக்கொள்வோம். அவர்களுக்கு 27 நோட்டுகள், 36 பேனாக்கள். மூன்று வகுப்பின் தொகைகளை முறையே க, ச, ட என்று குறிப்போம். மூன்று பேர் இவற்றைத் தனித்தனியே கணக்கிடட்டும். நான்காமவருக்கு மூன்று பட்டியல்களின் கூட்டல். அவர் விடை க + ச + ட. ஐந்தாமவருக்கு ஏழாம் வகுப்பின் பட்டியலை இரட்டித்து, எட்டாம் வகுப்பின் பட்டியலை மும்மடங்காக்கி, ஆறாம் வகுப்பின் பட்டியலோடு கூட்டிக் கொடுங்கள்: 174 நோட்டுகள், 185 பேனாக்கள். அவர் விடை க + 2ச + 3ட.

இப்போது ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு போடுகிறவர்கள் இருவருமே வரவில்லை. கையில் இருப்பவை: க = 1,156; நான்காமவரின் 3,820; ஐந்தாமவரின் 7,744. இரண்டிலிருந்தும் க-வைக் கழித்தால்,

ச + ட = 2,664
2ச + 3ட = 6,588

முதல் சமன்பாட்டை இரட்டித்து இரண்டாவதிலிருந்து கழித்தால் ட = 1,260; ஆகவே ச = 1,404. ஒருங்கமை சமன்பாடுகள் எதற்குத்தான் பயன்படும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பதுண்டு. பழக்கடைக்காரர் ஆப்பிளின் விலையையும் ஆரஞ்சின் விலையையும் நேராகச் சொல்லாமல் ஏன் புதிர் போடுகிறார் என்ற அவர்களுடைய சந்தேகமும் நியாயமானதே. இங்கே புதிர் எதுவும் இல்லை. வராத இரண்டு விடைகள், வந்த இரண்டு கூட்டுகளுக்குள் ஒளிந்திருக்கின்றன.

எந்தக் கெழுக்களை வேண்டுமானாலும் போடலாமா? ஐந்தாமவருக்கு க + ச + 2ட என்று கொடுத்திருந்தால் என்ன ஆகும்? க-வும் ச-வும் வராதபோது, நான்காமவரும் ஐந்தாமவரும் நமக்கு க + ச என்ற ஒரே செய்தியைத்தான் இரண்டு தடவை சொல்வார்கள். அதை எப்படிப் புரட்டினாலும் இரண்டு விடைகள் கிடைக்கமாட்டா. ஆட்கள் சிலரே என்றால் நல்ல கெழுக்களைத் தடவித் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். நூற்றுக்கணக்கான பொறிகளுக்கு ஓர் ஒழுங்கான விதி வேண்டும்.

வரைபடத் தாள் தரும் விதி

அந்த விதி உங்கள் வரைபடத் தாளிலேயே இருக்கிறது. ஒரு நேர்கோட்டை வரைய எத்தனை புள்ளிகள் வேண்டும்? இரண்டு. கோட்டின்மேல் நூறு புள்ளிகள் குறித்துவைத்து, எந்த 98-ஐ அழித்தாலும், மிஞ்சிய இரண்டைக் கொண்டு கோட்டை மீண்டும் வரைந்துவிடலாம். பரவளையத்துக்கு மூன்று புள்ளிகள் போதும். பத்துக் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைக்குப் பத்துப் புள்ளிகள் போதும்.

ஆகவே நமக்கு வேண்டிய பங்குகளைக் கெழுக்களாக வைத்து ஒரு கோவை அமைக்கிறோம்: க + ச × ய + ட × ய². ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண். முதல் பொறிக்கு ய = 1, இரண்டாம் பொறிக்கு ய = 2 என்று இட்டு வரும் கூட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒவ்வொரு விடையும் அந்த வளைகோட்டில் ஒரு புள்ளி. எந்த மூன்று புள்ளிகள் முதலில் வந்து சேர்ந்தாலும் வளைகோடு கிடைத்துவிடும், கெழுக்களும் கிடைத்துவிடும்.

இது புதிய யோசனையல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் இருவரும் 1960-இல், செய்திகளைப் பழுதின்றி அனுப்புவதற்கு இந்தப் பல்லுறுப்புக் கோவை வழியைச் சொன்னார்கள். 1986-இல் வாயேஜர்-2 விண்கலம் யுரேனஸ் கோளின் படங்களை அனுப்பியபோது இந்தக் குறிமுறை பயன்பட்டது. கீறல் விழுந்த சிடி தட்டு பாடுவதும், ஓரம் கிழிந்த க்யூஆர் கட்டத்தைச் செல்பேசி படித்துவிடுவதும் இதனால்தான். கணிப்பொறிகளில் தகவலைச் சேமித்துவைக்கவும் இதே வகைக் குறிமுறைகள் வெகுவாக வழக்கத்தில் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் அஸ்யூர் சேமிப்பில் 12 துண்டுகளுக்கு 4 காப்புத் துண்டுகள் வீதம் வைக்கும் ஒரு முறையை 2012-இல் விவரித்தது.

அனுப்பும் செய்திக்கும் சேமிக்கும் செய்திக்கும் போட்ட கவசத்தை, நடந்துகொண்டிருக்கும் கணக்குக்கும் போடலாம் என்பதுதான் பிறகு வந்த திருப்பம். 1984-இல் குவாங்-ஹுவா ஹுவாங், ஜேக்கப் ஆபிரகாம் இருவரும், அணிகளைப் பெருக்கும்போது கூட்டுத்தொகை வரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டால், பொறி செய்யும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தலாம் என்று காட்டினார்கள். பின்தங்கும் பொறிகளுக்கு எதிராக இதைத் திருப்பியவர்களுள் முக்கியமானவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த காங்வுக் லீ, கண்ணன் ராம்சந்திரன் முதலியோர். அவர்களுடைய ஆய்வு 2015-இன் இறுதியில் வெளிவந்தது. தாமதமாக வரும் விடையை, வழியில் தொலைந்துபோன விடையாகவே பாவித்துவிடு என்பது அதன் சாரம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பிழையான விடை வந்தால், யாருடையது பிழை என்று தேட வேண்டும். வராத விடை யாருடையது என்பது நமக்கு முன்பே தெரியும். அதனால் குறைந்த காப்பு போதுமானதாகிறது.

நகலா, கூட்டா?

பத்துப் பங்கு, பத்தில் ஒரு தடவை தாமதம் என்ற பழைய கணக்குக்கே திரும்புவோம். காப்பு இல்லாவிட்டால் நேரத்தில் முடிய நிகழ்தகவு 0.35.

ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நகல், மொத்தம் இருபது பொறிகள். ஒரு பங்கின் இரு ஆட்களும் தாமதிக்க நிகழ்தகவு நூற்றில் ஒன்று. பத்துப் பங்குகளும் தப்பிக்க, 0.99-ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும்: சுமார் 0.90.

இப்போது நகலை விட்டுவிட்டுக் கூட்டுப் பங்குகளைக் கொடுப்போம். மொத்தம் பன்னிரண்டே பொறிகள். எந்தப் பத்து வந்தாலும் போதும். பன்னிரண்டில் இரண்டுக்கு மேல் தாமதிக்காமல் இருக்க நிகழ்தகவு, ஈருறுப்புப் பரவல்படி, சுமார் 0.89. பதின்மூன்று பொறிகள் வைத்தால் சுமார் 0.97! இருபது பொறிகள் செய்ததைப் பன்னிரண்டு பொறிகள் ஏறத்தாழச் செய்துவிடுகின்றன. பதின்மூன்றாவது வந்துவிட்டால் இருபதை மிஞ்சிவிடுகின்றன. மேல்வகுப்பு மாணவர்கள் இந்த எண்களைத் தாங்களே சரிபார்க்க வேண்டும். நான் சொன்னேன் என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு பொறி தாமதிப்பதற்கும் இன்னொன்று தாமதிப்பதற்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னோம். ஒரு வரிசைப் பொறிகள் முழுவதற்கும் மின்சாரம் ஒரே சமயத்தில் தடைப்பட்டால் இந்த நிகழ்தகவுகளுக்குப் பொருளில்லை. காப்புப் பொறிகளை வேறு வரிசையில் வைக்க வேண்டியிருக்கும்.

எங்கே பலிக்காது?

செல்வியின் கணக்கு ஏன் பலித்தது? கூட்டிய பட்டியலின் விலை, விலைகளின் கூட்டுக்குச் சமம். இந்தக் குணத்தை நேரியல் தன்மை என்கிறோம். விலைக்குப் பதிலாக வர்க்கத்தைக் கேட்டிருந்தால்? 23-இன் வர்க்கம் 529, 35-இன் வர்க்கம் 1,225, கூட்டினால் 1,754. ஆனால் 58-இன் வர்க்கம் 3,364. செல்வியின் விடை யாருக்கும் உதவாது. சைன், மடக்கை போன்றவற்றுக்கும் இதே கதிதான். ரிச்சர்ட்சனின் மண்டபத்துக்கும் இந்த உபாயத்தை அப்படியே கொண்டுபோக முடியாது. காற்று தன்னைத்தானே சுமந்து செல்வதைக் குறிக்கும் உறுப்புகள் வானிலைச் சமன்பாடுகளில் உண்டு; அவை நேரியல் அல்ல.

இருந்தாலும், இன்றைய பெருங்கணக்குகளில் அணிப் பெருக்கல் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது. பொறிகளுக்குப் படிப்பிக்கும் செயற்கை நுண்ணறிவுத் துறையில் கணிப்பு நேரத்தின் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது. இரண்டு அணிகளையும் துண்டாக்கிப் பெருக்கும்போது என்ன செய்வது? 2017-இல் சியான் யூ, முகமது அலி மத்தா-அலி, சல்மான் அவெஸ்திமெர் மூவரும் ஓர் அழகான வழி காட்டினார்கள். முதல் அணியின் துண்டுகள் க, ச. இரண்டாம் அணியின் துண்டுகள் ட, த. ஒவ்வொரு பொறிக்கும் (க + ச × ய) என்ற கூட்டையும் (ட + த × ய²) என்ற கூட்டையும் கொடுத்துப் பெருக்கச் சொல்லுங்கள். பெருக்கினால் வருவது:

கட + சட × ய + கத × ய² + சத × ய³

நமக்கு வேண்டிய நான்கு பெருக்கல்களும் நான்கு வெவ்வேறு அடுக்குகளில் ஒன்றோடொன்று கலக்காமல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ய²-க்குப் பதில் ய என்று போட்டிருந்தால் நடுவில் இரண்டு கலந்துபோயிருக்கும். அந்தச் சிறிய 2-இல்தான் சூட்சுமம் இருக்கிறது. எத்தனை பொறிகள் இருந்தாலும் எந்த நான்கு முதலில் முடித்தாலும் போதும்.

இனிச் செலவுக்கு வருவோம். பட்டியல்களைக் கூட்டிக் கொடுப்பதும், வந்த விடைகளைப் பிரித்தெடுப்பதும் தலைமைப் பொறிக்குக் கூடுதல் வேலை. ஒரே அணியைப் பல தடவை வெவ்வேறு எண்களோடு பெருக்குவதானால், கூட்டும் வேலை ஒரு தடவையோடு முடிந்துவிடும். அங்கே இந்த முறை நன்றாகக் கட்டுப்படியாகும். ஒரே ஒரு தடவைதான் என்றால் யோசிக்க வேண்டும். தாமதித்தவர் பாதி முடித்த வேலை குப்பைக்குப் போகிறது. அதற்கான மின்சாரமும் வீண்தான்.

இன்னொரு தொல்லை இயற்பியல் மாணவர்களுக்கு உடனே விளங்கும். பத்துப் பங்குகளைக் கோவையாக்கினால் பதின்மூன்றாவது பொறிக்கு வரும் கடைசிக் கெழு 13-இன் ஒன்பதாம் அடுக்கு. ஏறக்குறைய 1,060 கோடி. முதல் கெழுவோ வெறும் 1. கணிப்பொறி வழக்கமாக ஓர் எண்ணில் சுமார் 16 இலக்கங்களையே வைத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய எண்ணோடு சேர்ந்து வந்த சிறிய பங்கைப் பிரித்தெடுப்பது, எடைமேடையில் லாரியை நிறுத்தி, ஓட்டுநரின் சட்டைப் பையில் இருக்கும் பேனாவின் எடையைக் காண்பதைப் போன்றது. இதற்காகவே 1, 2, 3 என்ற எண்களுக்குப் பதிலாக வட்டத்தின்மேல் சம இடைவெளியில் அமைந்த கலப்பெண்களைப் பயன்படுத்துவோர் உண்டு. முழு எண் கணக்குகளானால், பகா எண் ஒன்றால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கடிகாரக் கணிதத்துக்கு மாறிவிடலாம். அங்கே எண்கள் பெருகுவதும் இல்லை, இலக்கம் உதிர்வதும் இல்லை.

இந்தச் செலவுகளையெல்லாம் பார்த்து, நகல் ஆள் முறையே போதும் என்போரும் உண்டு. எளிமைக்கும் ஒரு விலை கொடுக்கலாம் என்ற அளவில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் பொறிகள் சிலவாக இல்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகும்போது, ஒருவருக்கு ஒருவர் என்று காப்பு வைப்பது கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து.

நேரியல் அல்லாத கணக்குக்கும் ஒரு பின்வாசல் இருக்கிறது. அதை உங்களுக்குப் பயிற்சியாகத் தருகிறேன். பொறிக்குப் படிப்பிக்கும்போது, ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் ஒரு திருத்தம் கணக்கிட்டு, எல்லாத் திருத்தங்களையும் கூட்ட வேண்டும். திருத்தத்தைக் கணக்கிடுவது நேரியல் வேலையல்ல. ஆனால் கடைசியில் வேண்டியது வெறும் கூட்டுத்தொகை. எடுத்துக்காட்டுகளை மூன்று கட்டுகளாகப் பிரித்து, அவற்றின் திருத்தங்களை க, ச, ட என்போம். ஒவ்வொரு பொறிக்கும் இரண்டு கட்டுகளைக் கொடுங்கள். அது இரண்டின் திருத்தங்களையும் கணக்கிட்டு முடித்த பிறகே ஒரு கூட்டாக்கி அனுப்பட்டும். 2017-இல் ரஷீஷ் டாண்டன் முதலியோர் வெளியிட்ட முறைப்படி, முதல் பொறி அனுப்புவது க-வில் பாதி + ச. இரண்டாம் பொறி அனுப்புவது ச − ட. மூன்றாம் பொறி அனுப்புவது க-வில் பாதி + ட.

மூன்றாம் பொறி தாமதித்துவிட்டது. முதல் பொறி அனுப்பியதை இரட்டித்து, இரண்டாம் பொறி அனுப்பியதைக் கழியுங்கள். க + 2ச − ச + ட, அதாவது க + ச + ட. வேண்டிய கூட்டுத்தொகை வந்துவிட்டது. இரண்டாம் பொறி தாமதித்தால் என்ன செய்வீர்கள்? முதல் பொறி தாமதித்தால்? இரண்டையும் போட்டுப் பாருங்கள். முடிந்தவர்கள், நான்கு பொறிகளில் எந்த ஒன்று தாமதித்தாலும் க + ச + ட + த கிடைக்கும்படி கூட்டுகளை அமைக்க முயலுங்கள். அப்போதும் ஒரு பொறிக்கு இரண்டு கட்டுகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது.